கேள்வி – பதில்: அன்றைக்கு நடந்ததற்கு யார் சாட்சி?

கேள்வி: சார், இப்போது வருகிற க்ரைம் கதைகளில் ஒரு அத்தியாயம் 1972, அடுத்தது 2019, திரும்பவும் 1972 என்று தாவுகிறார்கள். வெப் சீரிஸ் பார்த்துப் பார்த்து வந்த வியாதியா இது? எங்கள் காலத்தில் கொலை நடந்தால் அடுத்த பக்கத்தில் போலீஸ் வரும், அதோடு சரி.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் காலத்துக்கு மட்டும் இல்லை, உங்கள் தாத்தா காலத்துக்கும் முன்பே இந்த வியாதி உண்டு ஐயா. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் ஆரம்பக் கணக்கில் எல்லோரும் சேர்க்கிற வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868-ல் வந்தது, அதுவும் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 32 வாரத் தொடர்கதையாக. அதன் முதல் பக்கம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? நம் பக்கத்து ஊரில். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம், திப்புவின் கோட்டை விழுந்த நாள். அந்தக் கலவரத்தில் ஓர் ஆங்கில அதிகாரி ஒரு வைரத்தை அபகரிக்கிறான். அடுத்து 1848-க்கு ஒரே தாவல். இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டில் பிறந்தநாள் விருந்து, பெண்ணுக்கு அதே வைரம் பரிசாக வருகிறது, அன்றிரவே காணாமல் போகிறது. அதைப் பற்றி ஆளாளுக்கு உட்கார்ந்து எழுதுவதோ 1850-ல். ஆக மூன்று காலம், 150 வருடத்துக்கு முன்பே.

கானன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவல் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ 1887-ல் வந்தது. அதைப் பள்ளி நாட்களில் வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்தேன். பாதிப் புத்தகத்தில் ஹோம்ஸ் ஆளைப் பிடித்து விலங்கு மாட்டிவிடுகிறார். பக்கத்தைத் திருப்பினால் லண்டனைக் காணோம், பேக்கர் தெருவைக் காணோம். அமெரிக்கப் பாலைவனம், தண்ணீருக்குத் தவிக்கிற ஒரு மனிதர், கூட ஒரு சின்னப் பெண் குழந்தை, வருடம் 1847. பைண்டிங் போட்டவர் வேறு ஏதோ புத்தகத்தின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார் என்றே நினைத்து, கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சண்டை போட்டேன். அவர் படித்திருப்பார் போல, சிரித்துக்கொண்டே ‘இன்னும் 20 பக்கம் போ தம்பி’ என்றார். இன்னொரு வேடிக்கை, அந்தப் பாலைவனக் காட்சி நடக்கிற தேதியும் மே 4. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் கவனித்ததிலிருந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

கேள்வி: நான் இரண்டு கால நாவல் என்றால் ‘இன்றைய’ அத்தியாயங்களை மட்டும் முதலில் ஒரே மூச்சில் படித்துவிடுவேன், பிறகு ‘அன்றைய’ அத்தியாயங்களைத் தனியாகப் படிப்பேன். தோழிகள் திட்டுகிறார்கள். இது தப்பா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: காசு கொடுத்து வாங்கிய புத்தகம், தலைகீழாகக்கூடப் படிக்கலாம். ஆனால் ஒன்று. அப்படிப் பிரித்துப் படித்தும் கதை உங்களுக்கு முழுதாகப் புரிந்து, எதையும் இழந்த மாதிரி தெரியாமல் இருந்தால், அந்த எழுத்தாளர் இரண்டு குறுநாவல்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஒரே அட்டைக்குள் போட்டு விற்றிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் பழக்கம் அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை. தோழிகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பல காலங்களில் போகிற மர்மக் கதைகளில் எது நல்லது, எது சும்மா ஜாலம் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? எனக்கு எல்லாமே ப்ளாஷ்பேக் மாதிரிதான் தெரிகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அன்றைக்கு நடந்ததை இப்போது நமக்குச் சொல்வது யார்? நம் சினிமா ப்ளாஷ்பேக்கில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. கதாநாயகன் வானத்தைப் பார்ப்பார், திரை கலங்கும், நாம் பார்ப்பதெல்லாம் சத்தியம். அதில் ஒருவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. மர்மக் கதைக்கு அந்த நிம்மதி ஆகாது.

மேலே சொன்ன டாயில் நாவலில் பழைய கதையைச் சொல்வது பெரும்பாலும் ஆசிரியரே. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதனால் அந்தப் பகுதியில் துப்பறிய ஒன்றும் மிச்சமில்லை, ஏன் கொலை நடந்தது என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். ‘மூன்ஸ்டோ’னில் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தான் நேரில் கண்டதை மட்டும், கண்ட அளவுக்கு மட்டும் எழுதவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. வீட்டுக் காரியஸ்தர் ஒரு பகுதி எழுதுகிறார், மூச்சுக்கு முந்நூறு தடவை பக்தி பேசுகிற ஓர் அம்மாள் ஒரு பகுதி எழுதுகிறார், வக்கீல் ஒரு பகுதி. அந்த அம்மாளின் எழுத்தைப் படிக்கும்போது அவர் சொல்கிற விஷயத்தைவிட அவரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிகிறது. இங்கே பழைய காலம் என்பது சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது, நாம் குறுக்கு விசாரணை செய்யலாம்.

இந்த வகையில் என் மனதுக்குப் பிடித்தது அகதா கிறிஸ்டியின் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’. 1942-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்தது. 16 வருடத்துக்கு முன்னால் ஓர் ஓவியர் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார், மனைவிதான் கொன்றாள் என்று தீர்ப்பாகி அவர் சிறையிலேயே இறந்தும்போனார். வளர்ந்த மகள் இப்போது கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவிடம் வந்து, என் அம்மா அதைச் செய்யவில்லை என்று சொல்கிறாள். யோசித்துப் பாருங்கள், துப்பறிகிறவருக்கு உடல் கிடையாது, கைரேகை கிடையாது, கண்ணாடி டம்ளர் கிடையாது. இருப்பது ஐந்து பேரின் ஞாபகம் மட்டும். அந்த ஐந்து பேரையும் போய்ப் பார்க்கிறார், பேசுகிறார், பிறகு ‘எழுதிக் கொடுங்கள்’ என்கிறார். ஐந்து பேரும் எழுதித் தருகிறார்கள். அதே தோட்டம், அதே மதியம், அதே சண்டை, ஐந்து தடவை. ஆளுக்கு ஆள் அந்த ஓவியர் வேறு மனிதர், அந்த மனைவி வேறு பெண். யாரும் பெரிதாகப் பொய் சொல்வதில்லை என்பதுதான் விசேஷம். அன்று காதில் விழுந்த சில பேச்சுகளைத் தாங்கள் ஏற்கனவே நம்பியதற்குத் தோதாகப் புரிந்துகொண்டு, 16 வருடம் அப்படியே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே வாக்கியத்தைப் பொய்ரோ கடைசியில் திருப்பிச் சொல்லும்போது ஒரு சொல்கூட மாறியிருக்காது, அர்த்தம் மட்டும் புரண்டு கிடக்கும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நான் மூன்று முறை படித்திருக்கிறேன்.

திரையில் இதையே இன்னும் குறும்பாகச் செய்தது 2014-ல் வந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் பருவம். 1995-ல் லூசியானாவில் ஒரு கொலையைத் துப்பறிந்த இரண்டு அதிகாரிகளை 2012-ல் தனித்தனியாக உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அவர்கள் வாய் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போக, திரையில் நாம் பார்ப்பது வேறாக இருக்கிற ஓர் இடம் வரும். அந்த இடத்தில் நான் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். அதற்கு முன்னால் அவர்கள் சொன்ன எதையெல்லாம் நம்பித் தொலைத்தோம் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

ஜாலம் எது என்று கேட்டீர்கள். வாசகனுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய ஒன்றை, அத்தியாயத்தை வெட்டி வேறு வருடத்துக்கு ஓடி மறைப்பது. கதவு திறக்கிறது, உள்ளே நின்றவரைப் பார்த்து அவள் அதிர்ந்தாள், ‘1983’. இதை நான்கு தடவை செய்தால் அது மர்மம் இல்லை, வாரப் பத்திரிகைத் ‘தொடரும்’ போடுகிற பழக்கம். எங்கள் தொழிலைச் சொல்லி நானே வாயைக் கொடுத்துக்கொள்கிறேன், போகட்டும்.

கேள்வி: ஜெர்மன் தொடர் ‘டார்க்’ பார்த்து இரண்டாவது பருவத்தில் யார் யாருக்கு அப்பா என்பதே குழம்பி நிறுத்திவிட்டேன். தொடரலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு தொடருங்கள். நான்கு குடும்பங்கள், 33 வருட இடைவெளியில் 1953, 1986, 2019. நான்கு கட்டம் போட்டு, ஒரே ஆள் எந்தெந்த வயதில் வருகிறார் என்று எழுதிக்கொண்டால் தலைவலி பாதியாகும். 2017-ல் தொடங்கி 2020-ல் மூன்று பருவங்களோடு முடித்துவிட்டார்கள், ஜவ்வாக இழுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அது வேறு வகை. அங்கே ஆட்கள் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு நடந்தே போகிறார்கள். நான் மேலே பேசிய கதைகளில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு இன்றைக்கு நடக்கப்போவது தெரியாது, எட்டிப் பார்க்கவும் வழியில்லை, அந்த இயலாமைதான் கதைக்குக் கனம் கொடுக்கிறது. கதவு திறந்திருந்தால் விளையாட்டே வேறு.

கேள்வி: கெய்கோ ஹிகாஷினோ எழுதிய, 1973 ஒசாகாவில் ஓர் அடகுக் கடைக்காரர் கொலையாவதில் தொடங்கும் நாவலைப் படித்தேன். கிட்டத்தட்ட 20 வருடம் ஒரு துப்பறிவாளர் விடாமல் துரத்துகிறார். நாவலில் ‘வழக்கு காலாவதி’ என்று வருகிறதே, கொலை வழக்குக்கு அப்படியெல்லாம் உண்டா?
– வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா, மதுரை

பதில்: ஜப்பானில் இருந்தது. கொலைக்கு 15 வருடம், அதற்குள் வழக்குத் தொடரவில்லை என்றால் அரசு கையைக் கட்டிக்கொள்ளவேண்டும். 2005-ல் அதை 25 ஆண்டாக்கினார்கள், 2010-ல் கொலைக்குக் காலவரம்பையே எடுத்துவிட்டார்கள். நீங்கள் படித்த நாவல் 1999-ல் வந்தது, பழைய சட்டத்தின் நிழலில் எழுதியது. 1973 கொலைக்கு 1988-ல் கெடு முடிந்துவிடும், அதற்குப் பிறகும் அந்த மனிதர் விடமாட்டேன் என்கிறார் என்பதுதான் அவரை நமக்குப் பிடிக்கவைக்கிறது. நீதிமன்றத்துக்கு வேண்டாத உண்மையை அவர் தனக்காகத் தேடுகிறார்.

நம் ஊரில் இந்தக் கடிகாரம் கிடையாது, உங்களுக்கே தெரிந்திருக்கும். 3 வருடம் வரை சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் வரம்பு, கொலைக்கு எத்தனை வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். அதனால் ஜப்பானியக் கதையைச் சுட்டுத் தமிழில் எழுதுகிறவர்கள் அந்த 15 வருடத்தையும் சேர்த்துச் சுட்டுவிடாமல் இருந்தால் சரி.

அந்த நாவலில் இன்னொன்று. மையமான இருவரின் மனதுக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நம்மை விடுவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள், கூடப் படித்தவர்கள், ஏமாந்தவர்கள் என்று மற்றவர்கள் கண்ணால்தான் அவர்களைப் பார்க்கிறோம். யார் சாட்சி என்ற என் கேள்வியைக் கேட்டால், சம்பந்தப்பட்ட இரண்டு பேரைத் தவிர ஊரே சாட்சி.

கேள்வி: எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரனையே இழுக்கிறீர்கள். நம்மிடம் இல்லாததா?
– வாசகர், பெயர் ஊர் எழுதவில்லை

பதில்: கோபத்தில் ஊரை மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை. சிலப்பதிகாரம் இருக்கிறதே. மதுரை எரிந்து முடிகிற நேரத்தில், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று ஒரு பழைய கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் பகை கொண்ட இரண்டு அரசர்கள். சங்கமன் என்ற வணிகன் நகை விற்க மனைவி நீலியோடு எதிரி ஊருக்குப் போகிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். நீலி 14 நாள் அலைந்து, மலையேறி, சாபமிட்டு உயிரை விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்து, சிலம்பு விற்கப் போய், கள்ளன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுக்கப்பட்டுச் செத்தான். நகை விற்கப் போன வணிகன், கூட மனைவி, பொய்க் குற்றச்சாட்டு, அரசன் ஆணை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல். அதைத் துப்பறியும் கதை என்று சொன்னால் தமிழாசிரியர்கள் அடிக்க வருவார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது காலத்தை எங்கே திறக்கவேண்டும் என்று அந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது. புகார்க் காண்டத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் கோவலனைப் பார்க்கிற பார்வையே வேறாகியிருக்கும். சாட்சி தெய்வம் என்பதால் குறுக்கு விசாரணைக்கு மட்டும் வழியில்லை.

அதே காதையில் மதுரை எரியும் நாளுக்கு ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று குறிப்பு இருக்கிறது, ஆண்டு இல்லை. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் பஞ்சாங்கக் கணக்குப் போட்டு அந்த வருடத்தைத் தேடினார்கள். அதுவே ஒரு நல்ல துப்பறியும் கதை.

கேள்வி: ஐயா, நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1968-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு மரணம், 2018-ல் பேத்தி வீட்டை விற்க வரும்போது பரணில் ஒரு கடிதம் கிடைக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத் தலையிலும் வருடம் போட எனக்குப் பிடிக்கவில்லை. போடாமல் எப்படி வாசகரைக் குழப்பாமல் எழுதுவது?
– அரசு ஊழியர், திருவாரூர்

பதில்: பிடிக்கவில்லை என்றால் போடாதீர்கள் அம்மா. முதல் இரண்டு வரிக்குள் பொருள் வரட்டும். ட்ரங்க் கால் போட்டுவிட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார்கள் என்றால் எந்த வாசகரும் 2018 என்று நினைக்கமாட்டார். ஊரை ‘மதராஸ்’ என்று எழுதுங்கள், மாநிலத்தைத் ‘தமிழ்நாடு’ என்று எழுதிவிடாதீர்கள், பெயர் மாறியது 1969 ஜனவரி 14. காசு கவனம், 1957-க்குப் பிறகு அணா கணக்கில் இல்லை, ஆனால் கிழவிகள் வாயில் ‘நாலணா’ 1968-லும் இருக்கும், இருக்கட்டும்.

இந்த விவரங்கள் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, உங்களுக்குத் துப்பாகவே உதவும். உதாரணம் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நம் சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 30 வருடத்துக்கு மேலான பத்திரம், இருக்கவேண்டிய ஆளிடமிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் செத்துப் போயிருப்பார்கள் என்பதால் இந்தச் சலுகை. சொத்துக்கு ஆசைப்படுகிற ஒருவன் 2018-ல் ஒரு பத்திரத்தைத் தயார் செய்து 1968 தேதியிட்டால் இந்த விதியைத்தான் நம்பிச் செய்வான். தாள் பழையது, மசி பழையது, எல்லாம் கச்சிதம். விலாசத்தில் மட்டும் ‘மதராஸ்-17’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல். பேத்தி அதைக் கவனிப்பதற்கு முன் வாசகர் கவனித்துவிட்டால் உங்களுக்கு வெற்றி. வாசகர் அந்த விலாசத்தை இரண்டு தடவை கண்ணெதிரே பார்த்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் இன்னும் பெரிய வெற்றி.

இன்னொன்று, இது வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. நம் பெரியவர்கள் கடிதத்தில் ‘கீலக வருஷம் ஆவணி 5’ என்று மட்டும் எழுதுவார்கள். கீலக 1968-லும் வரும், 60 வருடம் முன்னால் 1908-லும் வந்திருக்கும். பரணில் கிடைத்த கடிதம் பாட்டி எழுதியதா, பாட்டியின் பாட்டி எழுதியதா? இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைக்கிற வழக்கம் வேறு நம் குடும்பங்களில் உண்டு. பேத்தி பாதி நாவல் வரை தப்பான வருடத்தைப் பிடித்துக்கொண்டு அலையலாம், நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது காலம் ஒன்று கதைக்குள் இருப்பதாகவே வாசகரும் நம்புவார். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் எடுக்கிற காட்சியை எப்படியும் எழுதப்போகிறீர்கள், வீட்டைக் கட்டிய வருடம் 1931 என்று அதில் சும்மா ஒரு மூலையில் வரட்டும். 1908 கடிதத்தில் இந்த வீட்டுத் திண்ணை எப்படி வரும்? அங்கே முடிச்சு அவிழும்.

எழுதும்போது மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். 1968 கதையை முதலிலிருந்து கடைசி வரை தனியாக எழுதி முடித்துவிட்டு, பிறகு 2018-ஐ எழுதுங்கள், கலைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கலந்து எழுதி, செத்துப்போன மாமாவை அடுத்த அத்தியாயத்தில் காபி குடிக்கவைத்தவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள், அந்தக் கைப்பிரதி என் அலமாரியில்தான் இருக்கிறது.

கேள்வி: மர்ம நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்களை என்ன செய்யலாம்?
– வாசகர், சேலம்

பதில்: ஒன்றும் செய்யமுடியாது, முப்பது வருடமாக ஒருவரோடு குடும்பம் நடத்துகிறேன். போன மாதம் வாங்கிய ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அதில் 1944, ரயிலடியில் ஒரு சிறுமி ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள், முற்றும். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, ‘இது எந்த ஊர் நியாயம்?’ என்று கேட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். அந்தப் புத்தகம் இன்னும் என் கைக்கு வரவில்லை.